முப்பது பாகையில் எத்தனை அக்சலோட்டல்?

வீட்டு மீன்தொட்டியில் எத்தனை அக்சலோட்டல் வைக்கலாம் என்ற கேள்வி வந்தால், பலரும் முதலில் தொட்டியின் அளவைத்தான் சொல்வார்கள். இரண்டடித் தொட்டி, மூன்றடித் தொட்டி, இத்தனை லீட்டர் பிடிக்கும் என்று. திருகோணமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்பவர் அளவுநாடாவைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வெப்பமானியை எடுத்துத் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பல வீடுகளில் அங்கேயே முடிந்தும் விடுகிறது.

அக்சலோட்டலை இப்போது தெரியாத பிள்ளைகள் குறைவு. 2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் வந்தது. அதே ஆண்டு மெக்சிக்கோவின் 50 பெசோ தாளிலும் ஏறியது. அகன்ற வாய், இமையில்லாத சின்னக் கண்கள், தலையின் இருபுறமும் மூன்று மூன்றாகச் சிலிர்த்து நிற்கும் இறகு போன்ற பூக்கள், அதாவது செவுள்கள். இது மீனல்ல. தவளையைப் போல ஈருடகவாழி, சலமாந்தர் குடும்பம். மற்றச் சலமாந்தர்களில் பல நீரில் குடம்பியாக வளர்ந்து, பூவை உதிர்த்து, நுரையீரலோடு கரையேறும். அக்சலோட்டல் கரையேறுவதில்லை. வாற்பேய் ஒன்று தவளையாக மாறாமலே பெரிதாகி, முட்டையும் இட்டு, கிழடாகிச் செத்துப்போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான் இதன் வாழ்க்கை. பெரும்பாலும் 23 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம், 10 முதல் 15 ஆண்டுகள் ஆயுள். விரல் நீளக் குஞ்சாக வாங்கும்போது இந்த இரண்டு எண்களும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

தொட்டிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை நிரப்பினால் 56 லீட்டர். மணலும் கல்லும் வைத்து, மேலே கொஞ்சம் இடமும் விட்டால் 45 லீட்டர் தேறும். அனுபவமுள்ளவர்கள் வளர்ந்த ஒரு அக்சலோட்டலுக்குக் குறைந்தது 75 லீட்டர், நூறைத் தாண்டினால் நல்லது, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 40 லீட்டர் என்கிறார்கள். ஆகவே இரண்டடித் தொட்டியில் ஒன்றுக்கே இடம் போதாது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் கொண்ட தொட்டி 190 லீட்டர். கணக்குப்படி அதில் இரண்டு தாராளமாக, மூன்று நெருக்கியடித்து. உயரமான தொட்டியால் பெரிய பயனில்லை. இது அடித்தளத்தில் நடந்து திரியும் பிராணி. அதற்குத் தேவை தரை.

இந்த லீட்டர்கள் எங்கிருந்து வந்தன? நீந்த இடம் என்பது பாதிக் காரணம்கூட அல்ல. மீதி முழுவதும் அமோனியா.

அக்சலோட்டல் மாமிசம் தின்னும். ஒரு வேளைக்கு 3 கிராம் மண்புழு கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மண்புழுவின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புரதம், அதாவது 300 மில்லிகிராம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைதரசன். அது 50 மில்லிகிராம். வளர்ந்து முடிந்த பிராணி இந்த நைதரசனில் பெரும்பகுதியைப் பூ வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியாவாக நீரிலேயே விட்டுவிடும். 50 லீட்டர்த் தொட்டியில் அது லீட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். ஒரே ஒரு சாப்பாட்டுக்கு! தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருக்கும். பூவிலும் தோலிலும் எரிச்சல் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த நஞ்சைக் கையாள்வது நாமல்ல, பற்றீரியா. வடிகட்டிப் பஞ்சிலும் மணலிலும் கண்ணாடியின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டு, ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்கும். மற்றொரு கூட்டம் அதை நச்சுத்தன்மை மிகக் குறைந்த நைத்திரேற்றாக்கும். ஒளியும் சேதனப் பொருளும் இல்லாமல் இப்படி அமோனியாவை எரித்தே பிழைக்கும் உயிர்கள் உண்டென்பதை 1890 அளவில் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி நிறுவினார். இரண்டு படிக்கும் இரண்டு வேலையாட்கள் வேண்டும் என்றுதான் அதன்பின் நூறாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், முழு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் பற்றீரியாக்களைக் கண்டுபிடித்தன. அவற்றில் ஒன்று அகப்பட்ட இடம் மீன் வளர்ப்புப் பண்ணையொன்றின் வடிகட்டி. தொட்டியின் பின்புறம் மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் அந்த அழுக்குப் பஞ்சு அலட்சியப்படுத்தும் பொருளல்ல.

ஆனால் இந்தப் பற்றீரியா மெதுவாகத்தான் பெருகும். நம் குடலில் வாழும் ஈ. கோலை நல்ல நிலையில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். நைத்திரேற்றாக்கிகளுக்கு அரை நாளோ அதற்கு மேலோ வேண்டும். அதனால்தான் புதிய தொட்டி ‘பழக’ நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கிறது. ஒரு அக்சலோட்டலுக்குப் பழகிய தொட்டியில் இன்றைக்கு இரண்டாவதை விட்டால், பற்றீரியாவின் தொகை அப்படியே இருக்க, அமோனியா மட்டும் இன்றே இரட்டிக்கும். எனவே எத்தனை என்பதோடு எப்போது என்பதையும் கேட்க வேண்டும். இன்னொன்று: தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்நீரில் குளோரின் உண்டு. நமக்கு அது பாதுகாப்பு. வடிகட்டிப் பஞ்சை அந்தக் குழாயின் கீழ் பிடித்துப் பிழிந்து கழுவினால், வளர்த்த பற்றீரியாவில் பெரும்பகுதி போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

இனி வெப்பமானி.

அக்சலோட்டலின் சொந்த ஊர் மெக்சிக்கோ நகரின் தெற்கு ஓரத்திலுள்ள சொச்சிமில்கோ கால்வாய்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரம். அயனமண்டலம்தான், ஆனால் குளிர்ந்த நீர். தொட்டியில் அதற்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் உகந்தது. 20 வரை சமாளிக்கும். 24ஐத் தாண்டினால் பசி குறையும், பூக்கள் முன்னோக்கி மடங்கும், தோலில் பூஞ்சணம் பிடிக்கும். இலங்கையில் இதற்கு ஒத்த காலநிலை தேடினால் 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா இருக்கிறது; அங்கே ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 16 பாகை. வெள்ளைக்காரர் அங்குள்ள ஓடைகளில் ட்ரௌட் மீனைக் கொண்டுவந்து விட்டதும் அந்தக் குளிரை நம்பித்தான். திருகோணமலையோ ஆண்டுச் சராசரி 28 பாகையுள்ள துறைமுகம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் 33, 35 என்று ஏறும். வெந்நீர் வேண்டுமானால் கன்னியாவில் ஏழு கிணறு உண்டு. குளிர்நீருக்கு நாம் எங்கே போவது?

வெப்பம் தனியாக வந்து தொல்லை கொடுப்பதில்லை. மற்ற எல்லா எண்களையும் சேர்த்தே கெடுக்கிறது. 18 பாகை நன்னீர் லீட்டருக்கு 9.5 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.6 ஆகிவிடும். அதேநேரம் குளிர்இரத்தப் பிராணியின் உடல் வேலை 10 பாகை ஏறினால் ஏறக்குறைய இரட்டிக்கும். ஒட்சிசன் தேவை கூடும்போது இருப்புக் குறைகிறது. அமோனியாவும் அப்படியே. நீரில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியம் என்ற வடிவில் இருக்கும். கொஞ்சம் மட்டுமே கொல்லும் அமோனியாவாக இருக்கும். 18 பாகையில் பி.எச். பெறுமானம் 7 என்றால் முந்நூறில் ஒரு பங்குதான் அந்த நச்சு வடிவம். 30 பாகைக்கு ஏற்றினால் அது இரு மடங்கைத் தாண்டும். எங்கள் பக்கத்துப் பல கிணறுகளைப்போல நீர் கடினமாகி, பி.எச். பெறுமானமும் 8 ஆனால் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு. அதாவது இருபது மடங்குக்கு மேல். அதே தொட்டி, அதே மண்புழு, அதே ஒற்றைப் பிராணி. மெக்சிக்கோவிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்ட லீட்டர்க் கணக்கு இங்கே செல்லாமல் போவது இதனால்தான். அங்கே இரண்டு வைக்கலாம் என்ற தொட்டி, இங்கே ஒன்றுக்கே பாதுகாப்பில்லை.

குளிர வைத்தால் போயிற்று என்பார்கள். ஐஸ் போத்தல் முதலில் நினைவுக்கு வரும். ஒரு கிலோ ஐஸ் உருகி 18 பாகை நீராவதற்கு எடுக்கும் வெப்பம், 100 லீட்டர் நீரை ஒரு பாகை மட்டுமே குறைக்கும். 30இலிருந்து 18க்கு இறக்க வேண்டுமானால் 12 கிலோ. இறக்கிய மறுகணமே அறையின் வெப்பம் கண்ணாடி வழியாகத் திரும்ப ஏறத் தொடங்கும். அது இரவும் நிற்காது, ஏனென்றால் இங்கே இரவும் 24க்குக் கீழே எளிதில் இறங்காது. அன்றன்றைக்குப் பன்னிரண்டு கிலோ ஐஸ் சுமப்பவர் அக்சலோட்டல் வளர்க்கவில்லை, மீன்வாடி நடத்துகிறார். அதைவிட மோசம், போத்தலைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, வெப்பநிலையை ஏற்றி இறக்குவது. அந்தத் தள்ளாட்டமே பிராணிக்கு நோய்.

மின்விசிறி இதைவிடப் புத்திசாலித்தனமான வழி. நீர்ப்பரப்பின்மேல் காற்றடித்தால் நீர் ஆவியாகும்; ஒரு லீட்டர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம் 100 லீட்டர் நீரை ஏறக்குறைய 6 பாகை குறைக்கப் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறை வெப்பம் பின்னாலேயே உள்ளே வந்துகொண்டிருப்பதால், நடைமுறையில் கிடைப்பது இரண்டு மூன்று பாகை, காற்று காய்ந்திருக்கும் கச்சான் காலத்தில் இன்னும் கொஞ்சம். மார்கழி மழையில் காற்றே ஈரத்தில் ஊறிக்கிடக்கும்போது அதுவும் குறையும். 30 பாகை 27 ஆகும். கப்பிக்கு அது சுகம். அக்சலோட்டலுக்கு இன்னும் காய்ச்சல்.

மிஞ்சுவது சில்லர் எனப்படும் நீர்க்குளிரூட்டி, அல்லது இரவும் பகலும் ஏசி ஓடும் அறை. சில்லர் நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்ளேயே கக்கும் என்பதால் அறைக்கும் காற்றோட்டம் வேண்டும். மின்சாரக் கட்டணத்தை உங்கள் வீட்டு மீற்றர் சொல்லும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 18 பாகையில் வைத்த நூறு லீட்டர் அப்படியொரு நாளில் மாலைக்குள் எங்கே போய் நிற்கும்? ஜெனரேட்டர் உள்ள வீட்டில் மட்டும் வாழக்கூடிய பிராணி என்று இதை ஒரு வகைப்படுத்தலில் சேர்க்கலாம்.

சரி, எல்லாம் செய்தாயிற்று; சில்லர் ஓடுகிறது, தொட்டி பழகிவிட்டது. இரண்டாவதை விடலாமா? இப்போது வாயைப் பார்க்க வேண்டும்.

அக்சலோட்டலுக்குப் பார்வை மட்டம். வாய்க்கு அருகில் எது அசைந்தாலும் சட்டென்று வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சிவிடும். அசைந்தது புழுவா, பக்கத்துக் குஞ்சின் காலா என்ற விசாரணை கிடையாது. நெருக்கமாக வைத்த சின்னக் குஞ்சுகளிடையே காலும் பூவும் கடிபடுவது வழக்கம். அளவில் பெரியதும் சிறியதும் ஒன்றாக இருந்தால் சிறியது முழுதாகவே காணாமற்போகும். இங்கேதான் இந்தப் பிராணியின் புகழ்பெற்ற அதிசயம் வருகிறது. அறுந்த இடத்தை ஒரு நாளுக்குள் தோல் மூடும். அதன்கீழ் உயிரணுக்கள் பின்னோக்கி இளமையாகி ஒரு மொட்டாகத் திரளும். அந்த மொட்டுக்குத் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது தெரியும்: மணிக்கட்டில் அறுந்தால் கை மட்டும், தோளில் அறுந்தால் முழங்கையும் சேர்த்து முளைக்கும். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் தழும்பில்லாமல். முள்ளந்தண்டின் நரம்பும் இதயத் தசையும்கூட ஓரளவு இப்படி வளரும். 2013இல் ஆய்வாளர்கள் இதன் உடலிலுள்ள மக்ரோபேஜ் என்ற துப்புரவு உயிரணுக்களை அகற்றிப் பார்த்தார்கள். கால் முளைக்கவில்லை, தழும்புதான் வந்தது. நமக்கும் அந்த உயிரணுக்கள் உண்டு என்பதால் அந்தச் சோதனை மருத்துவ உலகில் பெரிதாகப் பேசப்பட்டது. 2018இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது: 3,200 கோடி எழுத்துச் சோடிகள், மனிதனுடையதைப்போலப் பத்து மடங்கு.

கால் முளைக்கும்தானே, கடித்தால் கடிக்கட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. இது சோம்பேறித்தனமான பேச்சு. முளைப்பதற்குப் பல கிழமை ஆகும், உணவு வேண்டும், சுத்தமான குளிர்நீர் வேண்டும். வெக்கையான, அமோனியா ஏறிய நெருக்கடித் தொட்டியில் மொட்டுக்குப் பதில் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

ஒன்று தனியாக இருந்தால் ஏங்காதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இது கூட்டமாக வாழும் பிராணியல்ல. துணை இல்லாவிட்டால் அதற்கு ஒரு குறையுமில்லை. துணை சேர்த்தால்தான் சிக்கல். குஞ்சாக வாங்கும்போது ஆண் பெண் தெரியாது. அது தெரிய ஏறக்குறைய ஒரு வருடமாகும். இரண்டு வாங்கி ஒன்று ஆண், ஒன்று பெண் என்றாகிவிட்டால், உங்கள் தொட்டியின் எண்ணிக்கை இரண்டில் நிற்காது. ஒரு பெண் ஒரே முறையில் நூறு முதல் ஆயிரம் முட்டைவரை இடும். இரண்டு கிழமையளவில் பொரியும். குஞ்சுகள் அசையும் உயிருணவைத்தான் தின்னும். கொடுக்காவிட்டால் ஒன்றையொன்று தின்னும்.

உலகத் தொட்டிகளில் இன்று இருக்கும் அக்சலோட்டல்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித் தொட்டிகளில் பெருகியவைதாம். 1864இல் மெக்சிக்கோவிலிருந்து 34 அக்சலோட்டல்கள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஆறு, அங்கிருந்த விலங்கியலாளர் ஓகுஸ்த் டுமெரிலின் கைக்கு வந்தன: ஐந்து ஆண், ஒரு பெண். அடுத்த ஆண்டே முட்டையிட்டன. அவர் ஐரோப்பா முழுவதும் கேட்டவருக்கெல்லாம் குஞ்சு அனுப்பினார். ஆய்வுகூடங்களிலும் கடைகளிலும் உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த ஆறின் வம்சம். ஒரே குடும்பத்துக்குள் நூற்றைம்பது ஆண்டு கலியாணம் செய்துவந்த வம்சம். ஒரே கடையில் வாங்கிய இரண்டைச் சேர்த்து வளர்ப்பவர் அந்தக் கதையில் இன்னொரு சுற்றைச் சேர்க்கிறார்.

சொந்த ஊரில் நிலைமை எதிர்மாறு. சொச்சிமில்கோவில் 1998இல் சதுர கிலோமீற்றருக்கு 6,000 அளவில் இருந்தன. 2003இல் 1,000, 2008இல் 100, 2014இல் 36. நகரக் கழிவுநீர் ஒரு காரணம். 1970களிலும் 80களிலும் மக்களின் உணவுக்காக விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் இன்னொரு காரணம். அவை முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. அந்தத் திலாப்பியாவின் உறவுதான் 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, இன்றைக்குக் கந்தளாய்க் குளத்து மீனவரின் வலையை நிரப்புகிறது. ஓர் ஊரில் சோறு போடும் மீன் இன்னோர் ஊரில் ஓர் இனத்தையே துடைக்கிறது. காட்டில் அழிந்துவருவதால் அக்சலோட்டலின் பன்னாட்டு வணிகத்தை சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியல் கட்டுப்படுத்துகிறது. வாங்கும் கடையில் அனுமதிப் பத்திரம் கேளுங்கள்.

மிச்சமானதைக் குளத்திலோ, மலைநாட்டு ஓடையிலோ கொண்டுபோய் விடாதீர்கள். எங்கள் தீவில் சலமாந்தர் இனமே கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட தவளையினங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. வெளிநாட்டு ஈருடகவாழிகள் தோலில் சுமந்துவரும் பூஞ்சண நோய் பல நாடுகளில் தவளைகளைக் கூட்டமாகக் கொன்றிருக்கிறது.

ஆகவே என் பதில் இது. திருகோணமலையில் சில்லரும் மாற்று மின்சாரமும் இல்லாத வீட்டில் பூச்சியம். இரண்டும் இருந்தால், மூன்றடித் தொட்டியில் ஒன்று. இரண்டாவது வேண்டுமென்றால், இரண்டும் ஒரே பால் என்று உறுதியாகத் தெரிந்து, ஒரே அளவில் வளர்ந்து, தனித்தனி மறைவிடமும் கொடுத்தபின்.

தொட்டியில் அதிசயம்தான் வேண்டுமென்றால், வெந்நீரிலேயே பிறந்த ஒன்றைப் பாருங்கள். எங்கள் களப்புகளில் ஆரஞ்சுக் குரோமைடு என்ற சின்ன மீன் இருக்கிறது. தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியை மேய்ந்து வளரும். தன்னைவிடப் பெரிய பச்சைக் குரோமைட்டின் தோலைக் கொத்தித் துப்புரவாக்கும் என்பதையும் 1970களில் ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். அதற்கு 28 பாகை போதும். ஐஸும் வேண்டாம், சில்லரும் வேண்டாம். ஒரு சோடியில் தொடங்குங்கள்.